வண்டி ஏன் ஆஃப் ஆகிறது? வாசகர் கேள்வி – பதில்

கியர் கார்களைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பிரச்சினையைச் சுற்றியே இருந்தன: கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் இன்ஜின் அணைந்துபோவது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் மட்டுமல்ல, பல வருடமாக ஓட்டுபவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கே: கார் ஓட்டக் கற்று ஒரு மாதம் ஆகிறது. ஃபர்ஸ்ட் கியரில் கிளப்பும்போது மூன்றில் ஒரு தடவையாவது ஆஃப் ஆகிவிடுகிறது. கிளட்ச்சை மெதுவாகத்தான் விடுகிறேன். வண்டி நகரவும் ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம்தான் ஒரு குலுக்கலோடு நின்றுபோகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

ப: வண்டி நகர ஆரம்பித்த பிறகு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. கிளட்ச்சின் முதல் பாதியை நீங்கள் சரியாகத்தான் விடுகிறீர்கள். வண்டி அசைந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, மீதிப் பாதியைக் கால் சட்டென்று விட்டுவிடுகிறது. புதியவர்களுக்கு வண்டி ஆஃப் ஆவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆனால் சொல்லிக் கொடுப்பவர்கள் "கிளட்ச்சை மெதுவாக விடு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த இடத்தில் மெதுவாக, எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. சிறிய கார்களில் ஃபர்ஸ்ட் கியரின் விகிதம் ஏறக்குறைய 3.5, அதையடுத்து, சக்கரத்துக்கு முன்னால் வரும் கடைசிப் பற்சக்கர இணையான ஃபைனல் டிரைவின் விகிதம் ஏறக்குறைய 4. இரண்டையும் பெருக்கினால் 14. இன்ஜின் 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 800-ஐ 14-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 57 சுற்று. டயரின் சுற்றளவை 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வருகிறது. கிளட்ச்சை முழுதாக விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஃபர்ஸ்ட் கியரில் போனால் கார் ஓடும் வேகம் இதுதான். உங்கள் காரில் ஒரு கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம்.

வண்டி அசைந்த அந்த நொடியில் வேகம் 2 கி.மீ.கூட இருக்காது. அப்போது காலை எடுத்துவிட்டால், பிரஷர் பிளேட் என்ற அழுத்தும் தகடு, கிளட்ச் தட்டை இன்ஜினோடு சுற்றும் கனமான ஃப்ளைவீலோடு சேர்த்து இறுக்கிவிடும். இன்ஜினும் சக்கரமும் ஒரே பூட்டாகிவிடும். 2 கி.மீ. வேகத்துக்கு இன்ஜின் சுற்ற வேண்டியது 250-க்கும் குறைவு. எந்த இன்ஜினும் அவ்வளவு மெதுவாக ஓடாது. 500, 600-க்குக் கீழே போனாலே குலுங்கி நின்றுவிடும். நீங்கள் சொன்ன அந்தக் குலுக்கல் இதுதான்.

ஆக, வண்டி ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் வரை கிளட்ச் தட்டு கொஞ்சம் வழுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே ஓடிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார், அந்த மாதிரி. அந்த நாலடிக்குச் சமமான நேரம் காரில் இரண்டு நொடி, சுமை இருந்தால் மூன்று நொடி. வண்டி நகரும் தூரத்தில் சொன்னால் பாதி கார் நீளம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பெடலை, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் (பைட்டிங் பாயின்ட்) வரை கொண்டுவாருங்கள், அங்கே காலை நிறுத்துங்கள். வண்டி நகர்ந்த பிறகும் காலை எடுக்காதீர்கள். பாதி கார் நீளம் போனதும் மீதியை அதே நிதானத்தோடு விடுங்கள். இடையில் இன்ஜின் சத்தம் கனத்து, இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் 800-லிருந்து 600 பக்கம் இறங்கினால் கிளட்ச்சை ஒரு சென்டிமீட்டர் திரும்ப அழுத்துங்கள். முழுதாக மிதிக்கத் தேவையில்லை. அந்த ஒரு சென்டிமீட்டரே இன்ஜினுக்கு மூச்சு கொடுத்துவிடும்.

கே: "பைட்டிங் பாயின்ட்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிபடவே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டி விறைத்திருந்தால் பெடலை அங்குலம் அங்குலமாக விட முடியாது. பாதத்தின் முன்பகுதி, அதாவது பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, பெடலில் பதிய வேண்டும். குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் கணுக்காலை மட்டும் அசைத்தே நுணுக்கமாக விட முடியும். குதிகால் எட்டவில்லை என்றால் சீட்டை ஒரு படி முன்னால் தள்ளுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ வேண்டாம், பெடல் காலுக்குத் தருகிற தகவலை அது மறைத்துவிடும். செருப்பு அதைவிட மோசம், வழுக்கிப் பெடலுக்கு அடியில் போய்விடும்.

இனி பயிற்சி. ஆளில்லாத சமதளமான இடம், முன்னால் இருபது முப்பது மீட்டர் காலியாக இருக்கட்டும். இன்ஜின் சூடாகி, முள் 800 பக்கம் வந்து நிலைத்த பிறகு தொடங்குங்கள். குளிர்ந்த இன்ஜின் 1,100, 1,200-ல் ஓடும். அப்போது பழகினால் எல்லாம் சுலபமாகத் தெரியும், பிறகு ஏமாற்றும்.

ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். வலது கால் பிரேக்கின் மேல் தொடாமல் தயாராக நிற்கட்டும், ஆக்சிலரேட்டர் பக்கமே போக வேண்டாம். கிளட்ச்சை விட ஆரம்பியுங்கள். பெடலின் மொத்த நகர்வு பல கார்களில் 12 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். முதல் சில சென்டிமீட்டரில் எதுவுமே நடக்காது, அதைச் சாதாரண வேகத்தில் கடந்துவிடலாம். பிறகு ஓரிடத்தில் மூன்று விஷயம் ஒன்றாகத் தெரியும்: இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும், ஆர்பிஎம் முள் 50, 100 கீழே வரும், ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் மெல்லிய அதிர்வு வரும். அதுதான் பிடிக்கும் இடம். புள்ளி என்கிறார்களே தவிர அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. அதன் தொடக்கத்தில் வண்டி லேசாகத் தள்ளப்படும், முடிவில் முழுதாகப் பிடித்துவிடும்.

அங்கேயே காலை நிறுத்தினால் ஆக்சிலரேட்டர் இல்லாமலே வண்டி உருள ஆரம்பிக்கும். நாலைந்து மீட்டர் உருண்டதும் கிளட்ச்சை மிதித்து, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். மறுபடி ஆரம்பியுங்கள். ஆக்சிலரேட்டர் இல்லாமல் பத்துத் தடவை தொடர்ந்து ஆஃப் ஆகாமல் கிளப்ப முடிந்தால், கிளட்ச் உங்கள் காலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பத்துப் பன்னிரண்டு தடவைக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் இடைவெளி விடுங்கள். தட்டு வழுக்கும்போதெல்லாம் சூடாகிறது. கருகின வாடை வந்தால் பத்து நிமிடமாவது நிறுத்திவையுங்கள்.

கே: ஆக்சிலரேட்டரை முதலில் மிதித்துவிட்டுக் கிளட்ச்சை விடுவதா, கிளட்ச்சை விட்டுக்கொண்டே மிதிப்பதா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

ப: புதியவர்களுக்கு முதல் முறையே நல்லது. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி முள்ளை 1,200 – 1,500-க்குள் நிறுத்துங்கள். வலது காலை அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு இடது காலை மட்டும் கவனியுங்கள். இரண்டு காலையும் ஒரே சமயத்தில் எதிரெதிராக அசைப்பது பழகிய பிறகு தானாக வரும். முதல் நாளே அதை முயன்றால் இரண்டும் சொதப்பும்.

எவ்வளவு தேவை என்பது இன்ஜினைப் பொறுத்தது. டீசல் இன்ஜினுக்குக் கீழ்ச்சுற்றிலேயே இழுவை இருக்கும். சமதளத்தில் ஆக்சிலரேட்டரே இல்லாமல் கிளம்பிவிடும். சிறிய பெட்ரோல் இன்ஜினுக்கு, அதிலும் மூன்று சிலிண்டர் என்றால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சிறிய டர்போ பெட்ரோலில் 1,500-க்குக் கீழே டர்போவின் உதவி அநேகமாக இருக்காது. ஓட்டும்போது பலசாலியாகத் தெரிகிற கார் கிளப்பும்போது மட்டும் சோர்ந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தால் எந்த இன்ஜினாக இருந்தாலும் இன்னும் 300, 400 சுற்று சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் சின்னப் பள்ளத்திலோ கல்லுக்குப் பின்னாலோ நின்றிருந்தாலும் அப்படியே. சமதளம்தானே என்று நினைத்துக் கிளப்பி ஆஃப் ஆக்குபவர்கள் பலர் இறங்கிப் பார்த்தால், டயருக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும்.

2,500, 3,000 வரை முறுக்கிக்கொண்டு கிளப்பாதீர்கள். வண்டி ஆஃப் ஆகாது, உண்மைதான். ஆனால் அந்த வேக வித்தியாசம் முழுவதும் கிளட்ச் தட்டில் வெப்பமாகத்தான் போகிறது.

கே: மேட்டில் நிற்கும்போது பின்னால் ஒரு வண்டி வந்து ஒட்டி நின்றாலே கை கால் உதறுகிறது. ஆஃப் ஆகாமலும் பின்னால் உருளாமலும் கிளப்ப வழி சொல்லுங்கள்.

ப: ஹேண்ட் பிரேக்கை நம்புங்கள். பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் காலை மாற்றும் அந்த அரை நொடியில்தான் பயம் வருகிறது. பயத்தில் கிளட்ச்சைப் பட்டென்று விடுகிறோம், வண்டி ஆஃப் ஆகிறது. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் அந்த அரை நொடியே இல்லை.

மேட்டில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலரேட்டரில் 1,500, சரிவு அதிகமானால் 1,800. கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சமதளத்தைவிடச் சற்று ஆழமாக, அந்தப் பட்டையின் நடுப்பகுதிக்கு வர வேண்டும். பின்பக்கம் லேசாக அமர்ந்து, பானெட்டின் முனை ஒரு விரல் உயர்வது தெரியும். இன்ஜின் சத்தம் இறங்கும். வண்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டு முன்னேறப் பார்க்கிறது என்று பொருள். இப்போது இரண்டு காலையும் அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறக்குங்கள். வண்டி முன்னால்தான் போகும். பின்னால் நகர்ந்தால் பிடிப்பு போதவில்லை. ஹேண்ட் பிரேக்கை மறுபடி இழுத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள், அவசரத்தில் கிளட்ச்சை விட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

பல புதிய கார்களில் ஹில் ஹோல்ட் வசதி இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஏறக்குறைய இரண்டு நொடி அது வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இரண்டு நொடிக்குள் கிளட்ச் பிடிக்க வேண்டும் என்பதால், பிரேக்கை மிதித்திருக்கும்போதே கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு காலை மாற்றுங்கள். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள கார்கள் பலவற்றில் சீட் பெல்ட் போட்டு, கதவு மூடியிருந்தால், ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக் கிளட்ச் பிடித்ததும் பிரேக் தானாக விடுபடும். பெல்ட் போடாவிட்டால் விடுபடாமல் போகலாம். அப்போதும் வண்டி ஆஃப் ஆகும், காரணம் தெரியாமல் திகைப்பீர்கள்.

கே: கிளப்புவதில் பிரச்சினை இல்லை. ஆனால் வேகத்தடையிலும் திருப்பத்திலும் வேகம் குறைத்துவிட்டு மறுபடி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வண்டி திக்கித் திணறி ஆஃப் ஆகிறது.

ப: கியர் அதிகம், வேகம் குறைவு. முதல் பதிலில் போட்ட அதே கணக்கை மற்ற கியர்களுக்கும் போட்டால், செகண்ட் கியரில் ஐடிலிங் வேகம் மணிக்கு 11 கி.மீ. பக்கம் வரும், தேர்டில் 17 பக்கம். அதற்குக் கீழே வண்டி இறங்கினால் இன்ஜினைச் சக்கரம் பிடித்து இழுத்து நிறுத்தப் பார்க்கும். வேகத்தடை மேல் ஏறும்போது பெரும்பாலானவர்கள் 10 கி.மீ.க்கும் கீழே வருகிறார்கள், கியர் மட்டும் செகண்டிலோ தேர்டிலோ நிற்கிறது.

10 கி.மீ.க்கு மேல் உருண்டுகொண்டிருந்தால் செகண்ட் போதும். அதற்குக் கீழே வந்துவிட்டால் கிளட்ச்சை மிதித்து ஃபர்ஸ்ட்டுக்கு வந்துவிடுங்கள். "செகண்டிலேயே கிளட்ச்சைக் கொஞ்சம் அமுக்கிச் சமாளித்துக்கொள்ளலாம்" என்பது பலரின் வழக்கம். வண்டி ஆஃப் ஆகாமல் தப்பிக்கும், தட்டுதான் தேயும்.

நிறுத்தும்போதும் இதே எண்கள்தான் வழிகாட்டி. சிக்னலைப் பார்த்ததும் கிளட்ச்சை மிதித்துவிட்டு உருண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள், கடைசி வரை மிதிக்காமல் குலுங்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் பிரேக் மட்டும். முள் 1,000-க்குக் கீழே இறங்கி ஐடிலிங்கை நெருங்கும்போது கிளட்ச். தேர்ட் கியரில் வந்தால் 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கலாம், செகண்ட் என்றால் 13, 14-ல். யாராவது திடீரென்று குறுக்கே வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பிரேக்கையும் கிளட்ச்சையும் ஒன்றாக அடிவரை மிதியுங்கள். அப்போது இன்ஜின் அணைந்தால்கூடக் கவலையில்லை, நிற்பதுதான் முக்கியம்.

கே: சிக்னலில் பச்சை விழுந்ததும் பதற்றத்தில் ஆஃப் ஆகிறது. சில சமயம் கிளட்ச்சை எவ்வளவு மெதுவாக விட்டாலும் நிற்கிறது!

ப: எவ்வளவு மெதுவாக விட்டாலும் என்கிறீர்கள் அல்லவா, அப்போது கியர் தேர்டில் இருக்க வாய்ப்பு அதிகம். லீவரை நியூட்ரலில் விட்டால் அது நடுவில், தேர்ட் – ஃபோர்த் வரிசைக்கு நேராக வந்து நிற்கும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அவசரத்தில் பக்கவாட்டில் தள்ளாமல் நேராக முன்னால் தள்ளினால் விழுவது தேர்ட். லீவரை முதலில் ஃபர்ஸ்ட் பக்கம் முழுதாகச் சாய்த்து, சாய்த்தபடியே முன்னால் தள்ளுங்கள். இன்னொரு சந்தேக நபர், ஒரு பல் மட்டும் மேலே நிற்கும் ஹேண்ட் பிரேக். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது நியூட்ரலில் வைத்துக் கிளட்ச்சை விட்டுவிடுவதுதான் முறை. மிதித்தே வைத்திருந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் சுமையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் பச்சைக்கு ஐந்தாறு நொடி முன்பே கியரைப் போட்டுத் தயாராக இருங்கள்.

கே: ஊர்ந்து போகும் நெரிசலில் அடிக்கடி ஆஃப் ஆகிறது. இடது கால் வலியும் தாங்க முடியவில்லை.

ப: முன்னால் போகிற வண்டி ஒரு மீட்டர் நகர்ந்தால் நாமும் ஒரு மீட்டர் நகர வேண்டும் என்ற அவசியமில்லை. ஒன்றரை கார் நீளம் இடைவெளி விழும் வரை காத்திருங்கள். பிறகு ஃபர்ஸ்ட் கியரில் கிளம்பிக் கிளட்ச்சை முழுதாக விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரையும் தொடாமல் அந்த ஆறேழு கி.மீ. வேகத்தில் வண்டியைத் தானாகப் போக விடுங்கள். நவீன இன்ஜின்களின் கம்ப்யூட்டர், சுற்று குறையும்போது தானே கொஞ்சம் காற்றையும் எரிபொருளையும் கூட்டிச் சமாளிக்கும். இப்படி ஓட்டினால் கிளட்ச்சை மிதிக்கும் எண்ணிக்கை பாதியாகக் குறையும், கால் வலியும் குறையும். இடைவெளியில் வேறு வண்டி நுழைந்துவிடுமே என்று கேட்பீர்கள். சில நுழையும். நுழையட்டும், கிளட்ச் தட்டு பிழைக்கும்.

கே: என்னுடையது ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார். கிளட்ச்சை அடிவரை மிதித்துச் சிக்னலில் நிற்கப் போகும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது. இதுவும் என் கால் செய்யும் தவறா?

ப: இல்லை, இது வண்டியின் கோளாறு. கிளட்ச் முழுதாக மிதிபட்டிருக்கும்போது சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துவிடலாம். வண்டி இல்லாத சாலையில் மெதுவாக நிற்கப் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றிக் கிளட்ச்சை விட்டுவிடுங்கள். அப்போதும் அணைந்தால் குற்றம் இன்ஜின் பக்கம். நியூட்ரலில் அணையாமல், கியரில் கிளட்ச் மிதித்திருக்கும்போது மட்டும் அணைந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை.

இன்ஜின் பக்கம் என்றால் பெட்ரோல் கார்களில் முதல் சந்தேகம், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடி. அதன் வட்டத் தகட்டின் விளிம்பில் கரி படிந்து ஐடிலிங் காற்றுப் பாதையை அடைத்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சுற்று 800-ல் நிற்காமல் 500-க்குச் சரிந்து அணையும். திராட்டில் பாடி கிளீனர் ஸ்பிரே கொண்டு துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மின்சார திராட்டிலில் தகட்டை விரலால் வலிந்து திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பற்சக்கரம் கெட்டுவிடும். சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் சில நாள் ஏறி இறங்கும். மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்கேனரில் ஐடிலிங் அளவை மறுபடி பதியச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தத் தொல்லை ஆரம்பித்திருந்தாலும் இதே வைத்தியம்தான். பழைய கார்களில் ஐடிலிங் கன்ட்ரோல் வால்வு தனியாக இருக்கும், அதிலும் கரி படியும். வெடித்த வேக்கம் ஹோஸ், அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். டீசல் காராக இருந்தால் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி அடைத்துத் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்பதையும் டீசல் ஃபில்டரையும் முதலில் பாருங்கள். சூடானால் மட்டும் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால், இன்ஜின் சுற்றுவதைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

கிளட்ச் பக்கம் என்றால், முதலில் குனிந்து தரை விரிப்பைப் பாருங்கள். விரிப்பு மடங்கிப் பெடலுக்கு அடியில் போயிருந்தால் பெடல் அடிவரை இறங்காது. அடுத்து கிளட்ச் திரவம். பல கார்களில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, அளவு குறைந்திருக்கிறதா பாருங்கள். குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் மெத்தென்று இருக்கும், காற்றை எடுத்தால் சரியாகும். கேபிள் கிளட்ச் என்றால் கேபிளை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். உறுதிசெய்ய ஒரு சோதனை: வண்டி நிற்க, இன்ஜின் ஐடிலிங்கில் ஓட, கிளட்ச்சை அடிவரை மிதித்து நாலைந்து நொடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று பல் உரசினால் கிளட்ச் விடுபடவில்லை.

கே: வேறு ஒருவர் காரை வாங்கி ஓட்டினால் முதல் பத்து நிமிடம் ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது. என் காரில் அப்படி ஆவதில்லை.

ப: பிடிக்கும் இடம் ஒவ்வொரு காரிலும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். உங்கள் கால் பழைய உயரத்தையே தேடுகிறது. புதிய காரில் உட்கார்ந்ததும், நகர்வதற்கு முன்பே, பிரேக்கை மிதித்தபடி ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச்சை இரண்டு மூன்று தடவை பிடிக்கும் இடம் வரை விட்டுத் திரும்ப மிதித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை. உங்கள் சொந்தக் காரிலேயே பிடிக்கும் இடம் கடைசி இரண்டு சென்டிமீட்டருக்கு ஏறிவிட்டால், தட்டு தேய்ந்திருக்கலாம். ஃபோர்த் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதியுங்கள். முள் மட்டும் தாவி ஏறி வேகம் ஏறவில்லை என்றால் தட்டு மாற்ற வேண்டிய நேரம்.

கே: ஏசி போட்டுக்கொண்டு ரிவர்ஸில் பார்க்கிங் செய்யும்போது மட்டும் அணைகிறது.

ப: ரிவர்ஸ் கியரின் விகிதம் ஃபர்ஸ்ட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் கிளட்ச் விதி மாறாது. மாறுவது சுமை. ஏசி கம்ப்ரஸர் இன்ஜினிலிருந்து சக்தி எடுக்கிறது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போது பவர் ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் எடுக்கிறது. கம்ப்ரஸர் 'டக்'கென்று சேரும் அதே நொடியில் நீங்களும் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் திணறும். ஆக்சிலரேட்டரை 1,200-ல் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கிளட்ச்சால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபடியே நிறுத்தி வைக்காமல் ஓர் அங்குலம் திருப்பி விடுங்கள். ஏசி போடும்போதெல்லாம் சுற்று 100, 200-க்கு மேல் சரிகிறது என்றால் மேலே சொன்ன திராட்டில் பாடியைக் கவனியுங்கள்.

கே: அடிக்கடி ஆஃப் ஆனால் இன்ஜின் கெட்டுவிடுமா?

ப: எப்போதாவது ஆனால் ஒன்றும் ஆகாது. தினம் பத்துத் தடவை என்றால் இன்ஜின் மவுன்ட் ரப்பர், ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி ஆகியவற்றின் ஆயுள் குறையும். அதிர்வைக் குறைக்க நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் உள்ள டீசல் கார்களில் அந்தக் குலுக்கல் ஃப்ளைவீலின் உள்ஸ்பிரிங்குகளையும் தாக்கும்.

கே: நடுச்சாலையில் ஆஃப் ஆகிவிட்டால் வரிசையாக என்ன செய்ய வேண்டும்? பின்னால் ஹாரன் அடிக்கும்போது எல்லாம் மறந்துபோகிறது.

ப: முதலில் பிரேக். கிளட்ச்சை மிதித்ததுமே வண்டி சரிவில் உருளக்கூடும், அதனால் சாவியைத் தொடுவதற்கு முன் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். இன்ஜின் நின்ற பிறகு, கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்கம் மிச்சமிருக்கும். விட்டு விட்டு மிதித்தால் அது தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து கிளட்ச்சை அடிவரை, பிறகு ஸ்டார்ட். பல கார்களில் கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட்டர் சுற்றாது. சாவி உள்ள காரில், சாவியை ஒருமுறை பின்னால் திருப்பிவிட்டுத்தான் மறுபடி முன்னால் திருப்ப வேண்டியிருக்கும். ஆட்டோ ஸ்டார்ட் – ஸ்டாப் வசதியுள்ள பல கார்கள், ஆஃப் ஆன உடனே கிளட்ச்சை மறுபடி முழுதாக மிதித்தாலே தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். ஏற்கெனவே ஃபர்ஸ்ட் கியரில்தான் இருக்கிறீர்கள், நியூட்ரலுக்குப் போய்வரத் தேவையில்லை. பழகியவருக்கு மூன்று நொடி ஆகும்.

இரண்டு முறை முயன்றும் கிளம்பவில்லை என்றால் நான்கு இண்டிகேட்டர் விளக்குகளையும் ஒளிரவிட்டுவிட்டு நிதானமாகப் பாருங்கள்: கியர் எது, ஹேண்ட் பிரேக் எங்கே. பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது அணைந்தால் சாவியை எந்தக் காரணத்துக்காகவும் உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் அணைந்து, ஒரே முயற்சியில் கிளம்பவில்லை என்றால் உள்ளே இருப்பவர்களை முதலில் இறக்கித் தண்டவாளத்தை விட்டு விலக்குங்கள். வண்டியைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

கே: மழைநீர் தேங்கிய சாலையில் பாதி வழியில் அணைந்துவிட்டது. எத்தனை தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்?

ப: ஒரு தடவைகூட வேண்டாம். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெட்ரோல் இன்ஜினென்றால் அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பார்ப்பார். டீசலில் கிளோ பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியிருக்கும்.